கலப்புமொழியும் வர்க்க நோக்கும்: சமூக ஊடகத் தமிழ் பற்றிய ஒரு குறிப்பு

சமூக ஊடகங்களில் நம் நாட்டு இளைஞர் எழுதும் தமிழில் ஆங்கிலச் சொற்களும், சிலவேளை சிங்களச் சொற்களும் விரவி வருகின்றன. தமிழே உரோமன் எழுத்தில் எழுதப்படுவதுமுண்டு. இதனை மொழிச் சீரழிவு எனக் கண்டிப்போருள் முற்போக்காளரும் உளர். அக்கண்டனம் எத்துணை பொருந்தும் என்பதை இங்கு நோக்குவோம்.

உரோமன் எழுத்தைக் கையாளும் பழக்கத்திற்குப் பொருளியல் அடிப்படை உண்டு. ஒரு குறுஞ்செய்தி உரோமன் எழுத்தில் 160 குறியீடுகளை ஏற்கும். தமிழில் 70 மட்டுமே. உயிர்மெய்கள் பல இரண்டு குறியீடுகளின் இடத்தைக் கொள்வன. எனவே, இப்பழக்கத்தை மொழிப்பற்றின்மையின் விளைவாக மட்டும் கொள்வது தவறு. செலவும் கருவியின் இயல்புமே அதனை முதலில் தூண்டின.

சொற்கலப்பும் இவ்வாறே ஆராயப்படவேண்டியது. 'போஸ்ட் பண்ணினவர்', 'குறூப்பிலிருந்து' என்னுமிடத்துப் பெயர்ச்சொல் ஆங்கிலமாயினும் வினைமுடிபும் வேற்றுமையுருபும் தமிழே. போர்த்துக்கேயர் வழிவந்த 'அலுமாரி'யையும் ஒல்லாந்தர் வழிவந்த 'கந்தோரை'யும் நாம் இன்று தமிழாகவே வழங்குகிறோம். வைணவ உரையாசிரியர் வடமொழி கலந்து எழுதியது மணிப்பிரவாள நடை எனப் பெயர் பெற்றது. இளைஞர் ஆங்கிலம் கலந்து எழுதுவது மட்டும் சிதைவு எனப்படுகின்றது. 1960களின் தொடக்கத்தில், ஈழத்துப் புனைகதைகளிற் பயின்ற பேச்சுமொழி 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டவேளை, கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு அணியினின்று அதனை எதிர்த்தனர். 'பூர்சுவா' என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தயக்கமின்றி எழுதும் நாம், அன்றைய பண்டிதர் நின்ற இடத்தில் இன்று நிற்றல் தகுமா?

எனினும், கலப்பனைத்தையும் விடுதலையின் அடையாளமாகப் போற்றுவதும் பிழையே. கொழும்பில் உயர்கல்வி பெற்றவர் ஆங்கிலம் கலந்து எழுதினால் அது நாகரிகமாகின்றது. அந்நகரத்துக் கடைச் சிப்பந்தி சிங்களம் கலந்து எழுதினால் நகைப்புக்குரியதாகின்றது. கலப்பு என்ற செயல் ஒன்றேயாயினும் மதிப்பு வேறுபடுகின்றது. இவ்வேறுபாட்டிற்கு வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும் மொழிவழிப் பிரிந்த கல்வியும் இரு இனத்து உழைப்பாளரிடையேயும் சுவரெழுப்பின. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அவ்விணைப்பு ஆங்கிலக் கல்வி வாய்த்தவர்க்கே எளிதிற் கைகூடுவது.

ஆகவே, எச்சொல் எம்மொழியினின்று வந்தது என்ற ஆய்வோடு திறனாய்வாளர் அமைந்துவிடல் ஆகாது. எவருடைய கலப்பு மதிக்கப்படுகின்றது, எவருடையது இகழப்படுகின்றது என்பதையும், அம்மதிப்பினால் நன்மையடைவோர் யார் என்பதையும் வெளிக்கொணர்தலே நம்முன் உள்ள பணியாகும்.