ராடான் கதையைத் தப்பாகச் சொல்கிறோம்

இரண்டு மாதம் முன்னாடி ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். கணிதத் துறையும் மருத்துவப் பொறியியல் துறையும் சேர்ந்து வேலை செய்ய ஒரு மையம் தொடங்குறாங்க. நான் படிச்சது பி.இ., பிழைப்பு மென்பொருள். நண்பர் கூப்பிட்டார் என்று போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சிறப்புரை ஆற்றிய பேராசிரியர், இந்த மாதிரிக் கூட்டங்களில் தவறாமல் வரும் அந்தக் கதையைச் சொன்னார். 1917-ல் யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணிதர் எந்தப் பயனையும் எதிர்பார்க்காமல் ஒரு தேற்றத்தை நிரூபித்தார். அரை நூற்றாண்டு கழித்து அதிலிருந்து சி.டி. ஸ்கேன் பிறந்தது. ஆகவே கணிதமும் மருத்துவமும் கைகோக்க வேண்டும். பலத்த கைதட்டல்.

எனக்கு இந்தக் கதை மேல் ரொம்ப நாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இது கூட்டுமுயற்சி ஜெயித்த கதையே இல்லை. தோற்ற கதை.

ராடான் சொன்னது இதுதான்: ஒரு பரப்பின் குறுக்கே போகும் எல்லா நேர்க்கோடுகளிலும் ஓர் அளவின் கூட்டுத்தொகை தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் அந்த அளவு என்ன என்று திரும்பக் கணக்கிட்டுவிடலாம். எக்ஸ் கதிர் உடம்புக்குள் புகுந்து எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று அளந்து மடக்கை எடுத்தால், அது அப்படியான ஒரு கூட்டுத்தொகை. ஆக, சி.டி. ஸ்கேனுக்கு வேண்டிய விடை 1917-லேயே அச்சாகி நூலகத்தில் உட்கார்ந்திருக்கு.

1956-ல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர் ஆலன் கார்மாக். அந்த ஊர் மருத்துவமனையில் இருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐசோடோப்புகளை மேற்பார்வையிட ஓர் இயற்பியலாளர் இருந்தே ஆகணும் என்பது சட்டம். ஆள் கிடைக்காமல் கார்மாக்கைக் கேட்டார்கள். வாரத்துக்கு ஒன்றரை நாள், ஆறு மாதம், ரேடியாலஜி துறையில் ஓர் இடம். அங்கே புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு அளவைத் திட்டமிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். உடம்பு முழுக்க ஒரே பொருளால் ஆனது போலக் கணக்குப் போடுறாங்க. எலும்பு, நுரையீரல், தசை எல்லாம் ஒன்றா? உள்ளே எங்கே எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்று வெளியிலிருந்து அளந்து கண்டுபிடிக்க முடியுமா? கேள்வி அவருக்கு அங்கேதான் பிறந்தது.

இது பழைய கணக்காகத்தான் இருக்கும், யாராவது தீர்த்திருப்பார்கள் என்று நூலகத்தில் தேடினார், கணிதர்களை விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. தானே தீர்த்தார். ராடானின் கட்டுரை இருப்பதே அவருக்கு 14 ஆண்டு கழித்துத்தான் தெரிய வந்தது. இதை அவரே நோபல் உரையில் சொல்லியிருக்கிறார்.

(அதே உரையில் எனக்குப் பிடித்த இன்னொரு இடம். அலுமினிய வட்டத்தைச் சுற்றி மர வளையம் வைத்துச் சோதனை செய்தபோது, நடுவில் மூன்று புள்ளிகள் மட்டும் கொஞ்சம் விலகி நின்றன. பட்டறையில் போய் விசாரித்தால், வட்டத்தின் நடுவில் சற்றே குறைவாக உறிஞ்சும் ஒரு முளை இருந்திருக்கிறது. உள்ளே ஒளிந்திருப்பதை அந்த முதல் சோதனையே காட்டிக்கொடுத்துவிட்டது.)

1963, 1964-ல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கும் ஏறக்குறைய எதிர்வினையே இல்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் சுவாரசியமானவர்கள் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்தார். மலைமேல் குவிந்த பனிக்குள் பார்க்க முடியுமா என்று அவர்களுக்கு ஆசை.

இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத பொறியாளர். ராடானும் தெரியாது, கார்மாக்கும் தெரியாது. ஊகித்த படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் முறையில் கணினியை ஓட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற ரேடியாலஜிஸ்டோடு சேர்ந்து முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். இந்த வகைத் திருத்தும் முறைக்கும் ஒரு பழைய தேற்றம் உண்டு: போலந்துக் கணிதர் கட்ச்மார்ஸ், 1937. மருத்துவப் படங்களுக்காக 1970-ல் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்கு அதுவும் தெரியாது. கார்மாக் கேப் டவுனில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே 1956-ல், ரேடியோ வானியலுக்காக இதே கணக்கை ரொனால்டு பிரேஸ்வெல் தீர்த்து வெளியிட்டிருந்தார்.

நம்ம பக்கமும் ஒரு கண்ணி இருக்கு. மாட்லேப்பில் ராடான் தலைகீழ் உருமாற்றத்தைக் கூப்பிட்டால் இயல்பாக வரும் வடிகட்டியின் பெயர் ராம்-லாக். அது ஏதோ நினைவகச் சமாச்சாரம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். ராம் என்பது ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் அமைப்பைக் கண்டவர். லாக் என்பது ஏ.வி. லட்சுமிநாராயணன். ஃபூரியே உருமாற்றம் இல்லாமலே படத்தைத் திரும்பக் கட்டலாம் என்று 1971-ல் இருவரும் காட்டினார்கள்.

ஆக, தேற்றத்துக்குப் பஞ்சம் இல்லை. ஒரே கணக்கை நாலைந்து பேர் தனித்தனியாகத் தீர்த்திருக்கிறார்கள். பஞ்சம் எதுக்கு என்றால், ஒரு துறையின் கேள்வியை இன்னொரு துறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஆளுக்கு. ராடான் கதையைச் சொல்லி, "நாங்க நிரூபிச்சு வைக்கிறோம், என்னிக்காவது உதவும்" என்று கணிதத் துறை சாய்ந்து உட்காரும்போதுதான் எனக்குக் கோபம் வருது. 54 வருஷம் அந்தத் தேற்றம் ஒரு நோயாளிக்கும் உதவவில்லை. கேள்வியை உண்டாக்கியது ஒரு சட்டக் கட்டாயமும் வாரத்துக்கு ஒன்றரை நாளும்.

சரியாக நடந்த உதாரணமும் இருக்கு. எம்.ஆர்.ஐ. மெதுவான கருவி, நிறைய அளவீடு எடுக்கும். எடுத்த படத்தை அப்புறம் சுருக்கும்போது பாதிக்கு மேல் தூக்கிப்போடுகிறோம். தூக்கிப்போடுவதை முதலில் ஏன் அளக்கணும்? 2006-ல் டேவிட் டோனஹோ ஒரு பக்கம், கேண்டெஸ், ரோம்பெர்க், டாவ் மூவரும் இன்னொரு பக்கம், குறைவான அளவீடு எப்போது போதும் என்று நிரூபித்தார்கள். இந்தத் தடவை 54 வருஷம் ஆகவில்லை. 2007-லேயே எம்.ஆர்.ஐ.க்கான கட்டுரை வந்துவிட்டது. எழுதியவர்கள் டோனஹோ, ஸ்டான்போர்டு மின்பொறியியல் துறையின் ஜான் பாலி, அவருடைய மாணவர் மைக்கேல் லஸ்டிக். அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்ரேயஸ் வசனவாலா என்ற ரேடியாலஜிஸ்டுக்கு அவசரத் தேவை இருந்தது. சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது, மயக்க மருந்து கொடுக்கணும். ஸ்கேன் நேரம் குறைந்தால் மயக்கமும் குறையும். 2017-ல் இந்த வழியில் வந்த வணிகக் கருவிகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது லஸ்டிக்கை. ஸ்கேனரையும் ஓட்டுவார், தேற்றத்தையும் படிப்பார். அப்படி ஓர் ஆள் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப்பட்டம் முடித்தால் எந்தத் துறை வேலை கொடுக்கும்? கணிதத் துறை "இதில் புதுத் தேற்றம் எங்கே?" என்கும். பொறியியல் துறை "உங்க பட்டம் எங்க துறைக்குப் பொருந்தாதே" என்கும். கட்டுரையில் பேர் போடுவதிலேயே சண்டை: கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை, மருத்துவத்தில் முதல் பேருக்கும் கடைசிப் பேருக்கும்தான் மரியாதை. மையம் திறக்கிறவங்க இதைப் பேசுவதே இல்லை.

இப்போது இது இன்னும் அவசரம். நரம்பு வலைப்பின்னல்கள் அரைகுறை அளவீட்டிலிருந்து அழகான படம் வரைந்து கொடுக்கின்றன. 2020-ல் வேகார்ட் ஆன்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலான கணிதர்கள் அவற்றைச் சோதித்தார்கள். கண்ணுக்கே தெரியாத அளவு உள்ளீட்டை அசைத்தால் இல்லாத வடிவங்கள் முளைக்கலாம், இருக்கும் சின்னக் கட்டி போன்ற விவரம் அழிந்தும் போகலாம். கருவி வேகமாகும் என்று நினைத்துக் கணிதரைக் கூப்பிடுகிறோம். அவர் வந்து பெரும்பாலும் சொல்வது, எதை நம்பக் கூடாது என்பதை. கருவி விற்பனைக்கு வந்த பிறகு அதைக் கேட்டு என்ன செய்ய?

அன்றைய கூட்டத்தில் கேள்வி நேரத்தில் எழுந்து, கணிதத் துறையிலிருந்து யார், வாரத்தில் எந்த நாள் மருத்துவமனைக்குப் போவார் என்று கேட்டேன். மேடையில் ஒருவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு குழு அமைக்கப்படும் என்றார்கள். அப்புறம் தேநீர் வந்தது. மருத்துவப் பொறியியலில் ஆய்வு செய்யும் பெண் ஒருவர் என்னிடம் வந்து, "சார், கட்ச்மார்ஸ் ஸ்பெல்லிங் என்ன?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.