மனுவைப் படிக்கத் தெரிந்தால் போதும்

அரசியல் கோட்பாட்டு நூல் என்றாலே பலர் இருபதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று படித்துப் பாருங்கள். சரக்கு ரயில் ஊர்ந்து முடிவதற்குள் நாலு பக்கம் ஓடிவிடும். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள் அந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை சொல்லும்.

முதலில் டேவிட் ஈஸ்டன். 1950, 60களில் அவர் அரசியலை ஓர் அமைப்பாக வரைந்து காட்டினார். கோரிக்கையும் ஆதரவும் உள்ளே போகும், முடிவுகள் வெளியே வரும், அவற்றின் விளைவு மறுபடி உள்ளே திரும்பும். குழாயில் தண்ணீர் இல்லை. பெண்கள் காலிக்குடங்களோடு சாலையில் உட்காருகிறார்கள். சாயங்காலம் லாரி வருகிறது. படம் பொருந்துகிறது. ஆனால் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கும், யார் போன் போட்டதால் வந்தது? ஈஸ்டனின் படத்தில் இதற்கு இடமில்லை. கோட்பாட்டைப் படிக்கும் ருசி தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்.

அதற்கு பார்த்தா சாட்டர்ஜியிடம் போக வேண்டும். 2004இல் வந்த ‘தி பாலிடிக்ஸ் ஆஃப் தி கவர்ண்ட்’ நூலில், கொல்கத்தாவில் ரயில்வே நிலத்தில் குடியேறிய கோவிந்தபூர் மக்களைப் பற்றி எழுதுகிறார். சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள். ஆனாலும் சங்கம் வைத்து, ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று சொல்லி அரசோடு பேசி வாழ்கிறார்கள். சட்ட உரிமை பேசுகிறவர்களின் குடிமைச் சமூகம் வேறு, இது ‘அரசியல் சமூகம்’ என்கிறார்.

இனி நம் பக்கத்து மனு ஒன்றைக் கையில் எடுங்கள். ‘பொருள்’ என்ற வரி, கீழே கையெழுத்துகள், நடுவில் ஊதா மையில் இழுபட்ட ஒரு கைநாட்டு, பின்னால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். ‘மேற்படி முகவரியில் 30 ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம்.’ சட்டப்பிரிவு எதுவும் இல்லை, வாழ்ந்த காலமே வாதம். சாட்டர்ஜி சொல்வது முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இருந்தும் இரண்டு சமூகங்களுக்கும் நடுவே அவர் போடும் வேலியை நான் முழுதாக ஏற்கவில்லை. பக்கத்துப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வட்டாரம் இது. உரிமை என்ற சொல் இங்கே இரவல் அல்ல. அந்த உரிமைக் குரலை மனுவில் அடையாளம் காண நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியிட்ட ஆய்வு உதவும். மக்களைத் தட்டிக்கேட்கத் தூண்டும் அரசியல், தலைவரின் தாயுள்ளத்தை நம்பச் சொல்லும் அரசியல் என்று திராவிடக் கட்சிகளில் இரண்டு போக்குகளைப் பிரிக்கிறார். மனுவின் சொற்களில் இரண்டையும் தேடுங்கள். ஒரே தாளில் இரண்டும் கிடைக்கும்.

ஒருமுறை ஜெராக்ஸ் கடையில் பையன் ஒருவன் மனுவை உரக்கப் படித்துக்காட்டினான். ‘கருணை கூர்ந்து’ என்ற இடத்தில் ஒரு அம்மா நிறுத்தினார்.

“அது ஏன்பா போட்ட? நாங்க இன்னா பிச்சையா கேக்கறோம்?”

“எல்லாரும் அப்டித்தான் போடுவாங்கம்மா.”

“எட்த்துடு.”

அழித்துவிட்டு இன்னொரு பிரிண்ட் எடுத்தான். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அதற்கும் காசு கொடுத்தார்.