காற்றுவழி மின்சாரம்: போனுக்குப் பட்டினி, வில்லைக்கு விருந்து

தி. நகர் துணிக்கடைகளில் பில் போட்டதும் சேலையிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றுவார்கள். மறந்துவிட்டால் வாசலில் அலாரம் அலறும். அந்த வில்லைக்குள் பேட்டரி கிடையாது. வாசல் தூண்கள் வீசும் புலத்திலிருந்தே தன் சக்தியை எடுத்துக்கொள்கிறது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும் காரின் ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். மெட்ரோ கார்டுக்கும் ரீடர்தான் சோறு போடுகிறது, ஆனால் சில சென்டிமீட்டருக்குள். போனை மேலே வைத்து சார்ஜ் செய்யும் தட்டும் அந்தக் கிட்டத்து ரகமே.

சென்னைக்கு இது பழைய கதை. 1924-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கிய காலத்து கிறிஸ்டல் செட்டுக்கு பேட்டரி வேண்டியதில்லை. நீண்ட ஏரியல் கம்பி, ஒரு கலீனாக் கல், காதில் ஹெட்போன்; நிலையம் அனுப்பிய அலையே ஹெட்போனின் தகட்டை அதிரவைத்தது.

அப்படியானால் அறையில் நுழைந்ததும் போன் தானாக சார்ஜ் ஏறினால் என்ன? 2021 ஜனவரியில் ஷாவ்மி நிறுவனம் அதைத்தான் அறிவித்தது: 144 ஆன்டெனாக்கள் கொண்ட பெட்டி, சில மீட்டர் தூரத்துக்கு 5 வாட். ரிச்சி தெருவில் தேடினால் இன்றும் கிடைக்காது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஃபாஸ்டேக் ரீடர்களுக்கு இங்கே அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சுத் திறன் 4 வாட். அலை விரிந்துகொண்டே போவதால், 5 மீட்டர் தள்ளி நிற்கும் டேக்குக்கு அரை மில்லிவாட்கூடத் தேறாது. தூரம் இரட்டித்தால் அதிலும் கால்வாசிதான். அரை மில்லிவாட்டே வந்தாலும் 5000 எம்ஏஎச் பேட்டரி நிரம்ப நான்கு ஆண்டுக்கு மேலாகும்.

விரியவிடாமல் குவித்து அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். 1975-ல் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிக் காட்டினார்கள். அனுப்பிய தட்டின் விட்டம் 26 மீட்டர். வாங்கிய பலகையோ ஒரு அறை அளவு. சட்டைப்பையில் அதற்கு இடமில்லை.

இழப்பையும் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு போனைச் சேர்ந்தால்கூட, 5 வாட்டுக்குச் சுவரிலிருந்து 50 வாட் இழுக்க வேண்டும். மிச்சம் 45 வாட் சும்மா போகிறது. 2012 செப்டம்பரில் செல்போன் கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்த நாடு இது. மொட்டைமாடி டவருக்கே ஆட்சேபிக்கும் மயிலாப்பூர்க் குடும்பம் கூடத்து மூலையில் ஒன்றை நட ஒப்புக்கொள்ளுமா?

ஆனாலும் இந்த நுட்பத்தை ஏமாற்று வேலை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தப்பு, போனைக் குறிவைத்ததுதான். அடையாறு அடுக்ககம் ஒன்றின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தால் யாராவது ஏணி ஏற வேண்டும்; பெரும்பாலும் யாரும் ஏறுவதில்லை, சென்சார் செத்துக் கிடக்கும். அதற்கு மணிக்கு ஒருமுறை கண்விழித்து ஓர் எண்ணை அனுப்பினால் போதும், மிச்ச நேரம் வருவதைச் சேர்த்துவைக்கலாம். அந்த வேலைக்கு அரை மில்லிவாட் தாராளம்.