திங்கள் ஏறி வெள்ளி இறங்கும் பள்ளிக்கூடம்

புதூர்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கட்டடம், விடுதிச் சாப்பாடு, தேர்ச்சி விழுக்காடு என்று போகும். அங்கே பாடம் நடத்தும் இளம் ஆசிரியை ராத்திரி எங்கே தங்குகிறார் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. மலைக்கல்வியின் நல்லது கெட்டதில் பெரும்பங்கு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள். சாமை விளையும் இந்த ஊர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 3.58 லட்சம் பேர் கொண்ட இவர்களே மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம். பிள்ளைகள் பலர் படிப்பது பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில். ஆசிரியர்களில் பலர் கீழே சமவெளியிலிருந்து வருபவர்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி, வெள்ளிக்கிழமை இறங்குவார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவார்கள். எந்த அரசாணையும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நடைமுறை இதுதான்.

அப்படி வாரம் முழுக்க மேலேயே தங்கும் ஓர் ஆசிரியையின் வாடகை அறையைப் பார்த்திருக்கிறேன். கொடியில் நாலு சேலை, ஓர் இண்டக்ஷன் அடுப்பு, வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் டப்பா, அலமாரிக் கதவில் ஒட்டிய மகன் படம். மூன்று வயதுப் பையன் திருப்பத்தூரில் அவருடைய மாமியாரிடம் வளர்கிறான். சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நடந்துபோய் வீடியோ காலில் அவனைப் பார்ப்பார். எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் விட்டுப்போன பதிவையும் அங்கேயே உட்கார்ந்து முடிப்பார். நான் இருந்தபோது ஒரு தாய் வந்து வாசலில் நின்றார். "டீச்சரம்மா, நாளைக்கு எஸ்டேட்டுக்குக் கெளம்புறோம். மாசி வரைக்கும் வர மாட்டோம். புள்ளையப் பாத்துக்குங்க" என்றார். காபிப் பழம் பறிக்கப் போகும் குடும்பம் அது. "போய்ட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் ஆசிரியை. தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவரின் கையில் இன்னொருத்தி தன் பிள்ளையை விட்டுப் போகிறாள்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலமும் இதுவே. உறைவிடப் பள்ளி இல்லையென்றால் அந்தக் குழந்தையும் எஸ்டேட்டுக்குப் போயிருக்கும், படிப்பு பாதியில் நின்றிருக்கும். இதே வகைப் பள்ளியான கல்வராயன் மலையின் கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பெண் ஒருவர் 2025-இல் சென்னை ஐஐடியில் இடம்பிடித்தார். மலையில் பள்ளி நடத்துவது வீண் செலவு என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை. ஆசிரியை பக்கமும் பலம் உண்டு. அரசு வேலை, முறையான சம்பளம், 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. கல்யாணமோ குழந்தையோ அவர் வேலைக்குக் குறுக்கே நிற்காது.

இந்த உரிமைகளின் அருமையை உணர, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே கிராமப் பள்ளி என்றால் ஒரே அறை, எல்லா வயதுப் பிள்ளைகளும், பல இடங்களில் பதினாறு பதினேழு வயது ஆசிரியை. விடிந்ததும் போய் அடுப்பு மூட்டி, அறையைக் கூட்டி, பிறகு பாடம். ஆண் ஆசிரியரைவிடச் சம்பளம் வெகுவாகக் குறைவு. அந்த மலிவுக்காகவே பல ஊர்கள் பெண்களை வேலைக்கு வைத்தன. கல்யாணம் ஆனால் பெரும்பாலும் வேலை போய்விடும். தங்குவதற்கு மாணவர்களின் வீடுகளே, ஒரு வீட்டில் சில நாள், அடுத்த வீட்டில் சில நாள். எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் பதின்ம வயதிலேயே டகோட்டாவில் ஆசிரியை ஆனார். அந்தச் சம்பளம் பார்வையிழந்த அக்கா மேரியின் கல்லூரிப் படிப்புக்கு உதவியது. அதை வைத்துப் பின்னாளில் எழுதிய கதையில், தான் தங்கிய வீட்டில் நடுராத்திரி அந்த வீட்டுக்காரி கத்தியோடு நின்றதைச் சொல்கிறார். அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்ட இளம்பெண்ணுக்குக் கதவைத் தாழிட்டுத் தூங்கக்கூட வழியில்லை.

அந்த முறையை நான் விரும்பவில்லை. ஆனாலும் அதில் ஒன்று இருந்தது. ஊர் ஆசிரியையை அறிந்திருந்தது, ஆசிரியையும் ஊரை அறிந்திருந்தார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையனை அப்பா காட்டு வேலைக்கு நிறுத்தப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கும். புதூர்நாட்டில் நாம் இழப்பது இதைத்தான். நாலரை மணிக்குப் பிறகு பல பள்ளிகளில் விடுதிக் காப்பாளரும் சமையல்காரரும் மட்டுமே மிச்சம். அந்தக் காப்பாளர் பொறுப்பும் பல இடங்களில் ஓர் ஆசிரியர் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டது. வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைக்குச் சந்தேகம் வருவது சாயங்காலத்தில்தான். அப்போது கேட்க ஆள் இருக்காது. வெள்ளி மதியம் பாடம் தானாகவே சுருங்கிவிடும், ஏனென்றால் பஸ்ஸை விட்டால் அடுத்த வழி கிடையாது.

இன்னொரு குறை, நிலையாமை. இடமாறுதல் கலந்தாய்வு வந்ததும் இறங்கிப் போக முடிந்தவர்கள் போய்விடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் மாறுதலிலோ மகப்பேறு விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். மகப்பேறு விடுப்பைக் குறை சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. விடுப்பு உரிமை. அந்த மாதங்களுக்கு மாற்று ஆள் போடாதது நிர்வாகத்தின் தவறு.

இந்த இடத்தில் சிலர் தியாகத்தைப் பேசுவார்கள். நியூயார்க்கில் பிறந்த எலைசா அக்னியூ 1840-இல் யாழ்ப்பாணம் வந்து, உடுவில் மகளிர் பள்ளியைச் சுமார் 40 ஆண்டுகள் நடத்தினார். ஊருக்குத் திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் காலமாகும்வரை காத்திருந்து, அதன் பிறகே கப்பல் ஏறினார். அவரை மனதார வணங்கலாம். ஆனால் அவருக்கு ஊரில் விட்டுவந்த குழந்தை இல்லை, வயதான மாமியார் இல்லை. அக்னியூவை அளவுகோலாக வைத்து ஒரு மாநிலத்தின் பள்ளிகளை நடத்த முடியாது. அப்படி எதிர்பார்ப்பது ஆசிரியைக்கு நாம் செய்யும் அநியாயம்.

சரி, உள்ளூர்ப் பெண்களையே நியமித்தால்? நானும் அந்தப் பக்கம்தான். 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், சாயங்காலத்தில் ஊருக்குள்ளேயே பாடம் சொல்ல ஆளுண்டு என்று காட்டியது. ஆனால் தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக எடுத்த இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய். அக்கம்பக்கத்துப் பெண், குறைந்த சம்பளம், நிரந்தரமில்லாத வேலை என்று அமெரிக்கக் கிராமங்கள் போட்ட அதே கணக்கு. உள்ளூர்ப் பெண் என்பதால் மலிவாகக் கிடைப்பார் என்ற நினைப்பு முதலில் ஒழிய வேண்டும்.

நிரந்தர நியமனத்துக்கும் பாதை நேராக இல்லை. ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதிகளில் ஆசிரியர் பணியிடம் முழுவதையும் பழங்குடியினருக்கே ஒதுக்கிய ஆணையை உச்ச நீதிமன்றம் 2020-இல் ரத்து செய்தது. தமிழ்நாட்டிலோ அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவித்த அப்படிப்பட்ட பழங்குடிப் பகுதிகளே கிடையாது. பழங்குடியினர் இடஒதுக்கீடு 1 சதவீதம். ஆகவே பிளஸ் டூ முடித்த மலைப் பெண்ணை, படிக்கும் காலத்து விடுதி, ஆசிரியர் பயிற்சிச் செலவு, தகுதித் தேர்வுக்கான வகுப்பு என்று ஏணி போட்டுப் போட்டித் தேர்வுவரை கொண்டுவர வேண்டும். அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

அதுவரை கீழிருந்து வருபவர்தான் பாடம் நடத்துவார். அவருக்குப் படியாக நாலு காசு கூட்டிக் கொடுப்பதைவிடப் பள்ளி வளாகத்துக்குள் வீடு கட்டிக் கொடுப்பது நல்லது. தண்ணீர் வரும் சமையலறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கணவரும் பிள்ளையும் வந்து தங்க இரண்டாவது அறை. மகன் அங்கன்வாடிக்குப் புதூர்நாட்டிலேயே போகட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை அந்த ஆசிரியை தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளட்டும்.