நீல ஏடும் கண்ணாடித் திரையும்

அவுரி நீலம் ஊட்டிய தோலேடு. அதன்மேல் பொன்னால் எழுதிய பதினைந்து கூஃபி வரிகள். கலையுலகம் ‘நீலக் குர்ஆன்’ என்றழைக்கும் இப்பிரதி ஹிஜ்ரி மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டில் துனீசியாவில், கைரவான் நகரிலே உருவாகியிருக்கலாம் என்பது பலர் கருத்து, மாறுபடுவோரும் உண்டு. நூல் இன்று நூலாக இல்லை. பெரும்பகுதி துனீசியாவில் தங்க, உதிர்ந்த ஏடுகள் டப்ளினிலும் தோஹாவிலும் ஹார்வர்டிலும் நியூயார்க்கிலும் தனித்தனியே கண்ணாடிப் பேழை புகுந்தன.

பேழைக்குள் சென்ற ஏடு ஓவியமாகிவிடுகிறது. காண்போர் நீலத்தை வியப்பர், பொன்னை வியப்பர், ஓதுவோர் அரியர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. புள்ளியும் ஹரகத்தும் இல்லாத எழுத்து அது. பேயும் தேயும் நூனும் சொல்லின் நடுவே ஒரே வடிவாய் நிற்கும். சொல்லின் பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் கிடக்கும். வசனத்தை முன்பே நெஞ்சில் வைத்திருப்பவனுக்கே அது வாய் திறக்கும்.

அத்தகையவனோ நியூயார்க் செல்லும் வசதியற்று ஏதேனும் சிற்றூர் மத்ரஸாவில் இருக்கிறான். 2017இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஏறத்தாழ மூன்றே முக்கால் லட்சம் படங்களை எவரும் எடுத்தாளலாமென இணையத்தில் திறந்துவிட்டதன் உண்மையான பயன் இங்கேதான் என்பேன். அங்குள்ள நீல ஏட்டை என் வகுப்பில் கணினித் திரையில் காட்டினேன். “ஹஜ்ரத், இது எழுத்தா, சித்திரமா?” என்றான் ஒருவன். ஹாபிழான மற்றொரு மாணவன் படத்தைப் பெரிதாக்கி, ஒரு சொல்லைப் பிடித்தான். பிறகு தடையின்றி ஓதலானான். சூரத்துர் ரூம், 28 முதல் 32 வரையிலான வசனங்கள். காலத்தால் கறுத்து நீலத்தில் மறைந்த வெள்ளிப் பூக்கள் வசன எல்லைகளைக் குறிப்பன என்பதையும் அவனே கண்டு சொன்னான். பார்வைப் பொருளாயிருந்த ஏடு அந்நேரம் மீண்டும் கிதாபாயிற்று.

ஆயினும் திரையை முழுதும் மெச்ச என் மனம் ஒப்பவில்லை. பொன் அசையும் ஒளியில் உயிர்ப்பது. விளக்கோ தலையோ சற்று நகர்ந்தால் ஓர் எழுத்து மின்னும், மற்றொன்று மங்கும். திரையிலோ படமெடுத்த கணத்தின் ஒளி உறைந்து கிடக்கிறது. அளவும் பொய்க்கிறது. முப்பது சென்டிமீட்டர் உயரமும் நாற்பது அகலமுமான அவ்வேடு கைப்பேசியில் தபால் தலையாகிறது; மோதிரக் கல்லும் மிஹ்ராபும் அங்கே ஒரே அளவு. இவற்றைவிடப் பெரிய குறை வரிசை பற்றியது. அருங்காட்சியகங்கள் தத்தம் உடைமைக்கு எண்ணிட்டு அடுக்குகின்றன. திருமறையின் வரிசை அவர்கள் கணக்கில் வராது. ஏடுகளைப் பிரித்து விற்றவர்கள் அறுத்த தையலை இணையமும் தைத்துவிடவில்லை. வசதி இருந்தும் தைக்காததே என் வருத்தம்.

“முப்பத்து மூன்றாம் வசனம் எந்த ஊரில் இருக்கிறது, ஹஜ்ரத்?” என்று அம்மாணவன் கேட்டான். நான் தேடத் தொடங்குமுன் அதை மனப்பாடமாகவே ஓதிவிட்டான்.