குவிமாடத்து விண்மீன்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சாப்பல் ஹில் ஒரு பல்கலைக்கழக நகரம். அங்குள்ள மோர்ஹெட் கோளரங்கம் 1949 மே திங்களில் ‘ஒளி உண்டாகுக’ என்னும் காட்சியுடன் திறக்கப்பெற்றது. தொடக்கநூலை அறிந்த நமக்கு அத்தலைப்பே ஓர் அழைப்பன்றோ! அந்நாளில் ஜெர்மானிய சைஸ் கருவி இருண்ட குவிமாடத்தில் விண்மீன்களைத் தூவி வந்தது. விளக்குரைப்பவர் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்வார். மெர்க்குரி திட்டக் காலம் முதல் 1975 வரை விண்வெளி வீரர்களும் அங்கமர்ந்தே வானைக் கற்றனர். கலத்தின் கருவிகள் பழுதுற்றால் விண்மீன்களைக் கொண்டு திசையறிய வேண்டுமே!

2010-இல் அக்குவிமாடத்துள் எண்முறைத் திரைப்படம் புகுந்தது. இருந்த இடத்திலிருந்தே கோள்களினூடே பறக்கிறோம், இசை முழங்குகிறது. சிறுவர் மகிழ்வதில் நமக்குக் குறையில்லை. (நாமும் இருக்கையை இறுகப் பற்றிக்கொள்வோம் என்பது வேறு!) ஆயினும் திரைப்படத்தில் எங்கு நோக்குவதென்பதைப் படமெடுத்தவரே முடிவு செய்துவிடுகிறார். அசையாத வானின்கீழோ நம் கண்களே தேடவேண்டியிருந்தது.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அங்கே ‘பெத்லகேம் விண்மீன்’ காட்டப்பெற்று வந்திருக்கிறது. ஞானியர் நெடுவழி நடந்து தேடிய கதை அது. அத்தகைய காட்சியின் நடுவிலேனும் இசையை நிறுத்தி, இரண்டு நிமிடம் வெறும் வானை மட்டும் காட்டலாம்.