சாலைக்குப் பின்னால் வரும் ஊர்

பயணத் தேவைக் கணிப்பைக் குறை சொன்னால் போதும், அதன் ஆதரவாளர்கள் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனைத் துணைக்கு அழைத்துவிடுகிறார்கள். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் ரயில் ஓடத் தொடங்குமுன் 771 பேரிடம் விவரம் சேகரித்து, வேலைக்குப் போவோரில் 6.3 விழுக்காட்டினர் அதில் ஏறுவர் என்று கணித்தது அவர் குழு. ஏறியவர்கள் 6.2. அதிகாரபூர்வக் கணிப்போ 15. 2000இல் அவருக்குப் பொருளாதார நோபல் வேறு. 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்ட சென்னைப் பெருநகருக்கு, அதன் போக்குவரத்துக் குழுமமான கும்டா திட்டம் தீட்டும்போது இந்தக் கதைக்கு நல்ல மவுசு.

கதை உண்மைதான். கணக்கே போடாமல் மேம்பாலங்களை மந்திரிகளின் விருப்பத்துக்கு விடுவதைவிடக் கணிப்பு எவ்வளவோ மேல். ஆனால் மெக்ஃபேடன் விடை சொன்னது, இருக்கிற வீட்டிலிருந்து இருக்கிற வேலைக்கு எதில் போவார்கள் என்ற கேள்விக்கு. பயணத் தேவைக் கணிப்பின் நான்கு படிகளில் அது மூன்றாவது. என் சண்டை முதல் படிக்கே அடிப்படையாகும் அட்டவணையோடு.

வட்டாரத்தை மண்டலங்களாகப் பிரித்து, இருபது ஆண்டு கழித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் குடியிருப்பார்கள், எத்தனை வேலை இருக்கும் என்று ஓர் அட்டவணை போடுவார்கள். சாலை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று கணினியை இருமுறை ஓட்டும்போதும் பெரும்பாலும் அதே அட்டவணைதான். சாலை வந்தாலும் வராவிட்டாலும் மக்கள் அங்கேதான் இருப்பார்களாம்!

பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா. பிறகு ஆறு வழிச் சாலை. கூடவே நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள். அந்தச் சாலையை நம்பித்தானே கடன் வாங்கி வீடு வாங்கினார்கள்? சாலை இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேராவது வேறெங்கோ இருந்திருப்பார்கள். கணிப்பு மாதிரியோ அவர்களை 'இயல்பான வளர்ச்சி' என்று முன்கூட்டியே அங்கே குடியேற்றி, சாலையால் அவர்களுக்கு மிச்சமாகும் நிமிடங்களைப் பணமாக்கி, ஆதாயக் கணக்கில் வரவு வைத்துவிடும். சாலை நிரம்பினால் கணிப்பு பலித்ததாகப் பெருமை வேறு. இப்போது நெரிசலைக் காட்டி, மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு மெட்ரோ கட்டுகிறார்கள். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை; அது இழுத்து வரப்போகும் அடுத்த ஊரை எந்த அட்டவணையில் எழுதியிருக்கிறார்கள்?

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. லண்டனைச் சுற்றி எம்25 சாலை 1986இல் முழுமையடைந்து, சீக்கிரமே திணறியது. புதுச் சாலை புதுப் போக்குவரத்தை உண்டாக்கும் என்று 1994இல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே ஒப்புக்கொண்டது. நிலப்பயன்பாட்டின் மாற்றத்தையும் சேர்த்துக் கணிக்கும் மாதிரிகள் அதற்கும் முந்தியவை. தெரியாமல் செய்கிறார்கள் என்று இனியும் நம்ப நான் தயாரில்லை. உறைந்த அட்டவணைதான் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கித்தரும். அதனால்தான் அது உருகுவதில்லை.

கும்டாவின் அறிக்கை கைக்கு வந்தால் பாலத்தின் வரைபடத்தைப் புரட்டாதீர்கள். திட்டம் நிறைவேறினால் ஒன்று, நிறைவேறாவிட்டால் ஒன்று என மக்கள்தொகை அட்டவணை இரண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுதான் இருந்தால், கணக்கைத் திரும்பப் போடச் சொல்லி எழுதுங்கள்.